நெவில் பாஸ்கோ மறந்துபோன மூட்டை

நெவில் பாஸ்கோவுக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. கோதுமை லாரி ஓட்டிய காலத்திலும் அப்படித்தான். ஆஸ்திரேலியச் சிற்றூரான வாரபினின் ஃபுட்டி கிளப்பின், அதாவது அந்த நாட்டுக் கால்பந்து கிளப்பின், சட்டைகளைத் துவைத்து, காயப்போட்டு, எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை ஏற்ற பிறகு இன்னும் மோசம். சனிக்கிழமை ஆட்டத்துக்கு வியாழக்கிழமையே சட்டைகளை எண்ண ஆரம்பித்துவிடுவார். மழை வருமோ என்று துணிக்கொடியை எட்டி எட்டிப் பார்ப்பார்.

மனுஷருக்கு உயிரே அந்தச் சட்டைதான். கறுப்புத் துணி, தோளிலிருந்து இடுப்புவரை குறுக்கே ஒரு சிவப்புப் பட்டை. அவர் அப்பாவின் சவப்பெட்டி மேலும் அதைத்தான் போர்த்தினார்கள். வந்த வினை என்னவென்றால், பக்கத்து ஊர் கிளென் டாரிக்கும் கறுப்புதான், நெஞ்சைச் சுற்றிச் சிவப்பு வளையம். சேற்றில் புரண்டு எழுந்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. ஆகவே போட்டிகளை நடத்தும் லீக் ஒரு விதி போட்டது: நிறங்கள் இப்படி மோதினால், புள்ளிப் பட்டியலில் கீழே இருக்கும் அணி வெள்ளைச் சட்டைக்கு மாற வேண்டும்.

"வெள்ளையா? நாம என்ன கிரிக்கெட்டா ஆடுறோம்?" என்று கிளப் கூட்டத்தில் நெவில் எகிறிக் குதித்தார். யார் கேட்டார்கள்? வெள்ளைச் சட்டைகள் வந்து இறங்கின.

அந்த வருஷம் வாரபின் பெண்கள் அணி முதல் தடவையாக இறுதியாட்டத்துக்குப் போனது. எதிரே கிளென் டாரிக். பட்டியலில் கீழே இருந்தது வாரபின். கேப்டன், நெவிலின் மகள் பிரைடி. மகள் அந்தச் சிவப்புப் பட்டையோடு கோப்பையைத் தூக்க வேண்டும். அவருக்கு அது போதும். காலையில் கறுப்பு மூட்டையை வண்டியில் ஏற்றினார். வெள்ளை மூட்டையைக் கொட்டகைக்குள் வைத்துப் பூட்டினார். வெள்ளையே இல்லையென்றால் நடுவர் என்ன செய்துவிடுவார்? கறுப்பில் ஆடவிட்டுத்தானே ஆக வேண்டும்?

ஆட்டம் வேறொரு ஊர் மைதானத்தில். வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரம் கிடையாது.

"வெள்ளை இல்லன்னா ஆட்டம் இல்ல. கோப்பை அவங்களுக்கு," என்றார் நடுவர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

பிரைடி அப்பாவைத் தனியாக இழுத்தாள். "மூட்டை எங்கப்பா?"

"மறந்துட்டேன்மா."

"நீயா? போன வாரம் ஒத்த சாக்ஸ் காணோம்னு ஊரையே எழுப்பின ஆளு, நீயா மறந்த?"

நெவில் நேரே கிளென் டாரிக் சட்டைகளைக் கவனிக்கும் ரஸ்ஸிடம் ஓடினார். "ரஸ், உங்ககிட்டயும் வெள்ளை இருக்குல்ல? இன்னிக்கு ஒரு நாள் நீங்க மாத்திக்கோங்கப்பா."

ரஸ் கையிலிருந்த இறைச்சிப் பலகாரத்தை நிதானமாக மென்று விழுங்கினார். "நல்லா இருக்குய்யா நியாயம்! உன் கறுப்பு உனக்கு ஒசத்தி, எங்க கறுப்பு எங்களுக்கு எளக்காரமா? வேணும்னா எங்க வெள்ளைய நீங்க போட்டுக்கோங்க. பஸ்லதான் கெடக்கு."

கிளென் டாரிக்கின் வெள்ளைச் சட்டையில், நெஞ்சு கொள்ளாத அளவுக்கு ஒரு சேவல். அவர்கள் சின்னம். நெவில் வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் பிரைடி மூட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

வாரபின் பெண்கள் எதிரியின் சேவலை மாட்டிக்கொண்டு களமிறங்கினார்கள். "கொக்கரக்கோ!" என்று எதிர்க்கூட்டம் கூவித் தீர்த்தது. நெவில் எல்லைக்கோட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார். சொந்த ஊர்க்காரர்கள் ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நாம் கெடுத்தோம், நாமே கெடுத்தோம் என்று அவர் மனசு அடித்துக்கொண்டது. தோற்றால் தன்னால் தோற்றதாகும். கடைசி நிமிஷத்தில் பிரைடி உதைத்த பந்து இரண்டு பெரிய கோல் கம்பங்களுக்கு நடுவே பறந்தபோது, தொண்டை கிழியக் கத்தியது தான்தான் என்று அவருக்கே தாமதமாகத்தான் உறைத்தது.

கோப்பை வாரபினுக்கு. ஜெயித்த அணியின் படத்தைக் கிளப் சுவரில் மாட்டுவார்கள்; மாட்டிய படத்தை யாரும் இறக்குவதில்லை. படம் எடுப்பவர் கேமராவைத் தூக்கியதும் நெவில் நைசாக வண்டிப் பக்கம் நழுவினார்.

"அப்பா! இங்க வா."

"நான் எதுக்கும்மா? ஆடினவங்க நில்லுங்க."

பிரைடி வந்து அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நட்டநடுவில் நிறுத்தினாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது, கோபமும் ஆறவில்லை.

"அம்பது வருஷம் கழிச்சு எவனாவது வந்து, 'இவங்க நெஞ்சுல எதுக்குடா அவனுங்க சேவல்?'னு கேப்பான். அவனுக்குக் காட்ட உன் மூஞ்சி வேணும். நில்லு."