இரண்டு முறை ஊற்றிய ஆயில்

என் தங்கையின் புருஷனை ஊரே இடி என்றுதான் கூப்பிடும். மாப்பிள்ளை என்று மரியாதையாகச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் நானும் இடி என்றே சொல்லிவிடுகிறேன். ஆனால் இது அவன் கதை இல்லை. அவனைக் கட்டிக்கொண்டு அவனுடைய மெக்கானிக் ஷெட்டிலேயே கரியும் கிரீஸுமாகக் கிடந்த என் தங்கையின் கதை.

அந்த ஷெட்டுக்கு வருவதெல்லாம் சின்ன டீசல் வேன்கள். முட்டை, ஐஸ் கட்டி, கட்டில், பீரோ என்று எதை ஏற்றினாலும் ஓடுகிற வகை. முன் சீட்டைத் தூக்கினால் கீழே என்ஜின். அந்த என்ஜினைப் பற்றி டிரைவர்கள் பேச ஆரம்பித்தால் பெற்ற பிள்ளையைப் பற்றிக்கூட அவ்வளவு பெருமையாகப் பேசமாட்டார்கள். ஆனால் பார்த்துக்கொள்கிற லட்சணம் வேறு. இரண்டு மடங்கு சுமை ஏற்றுவார்கள், மேட்டில் கதறவிடுவார்கள், ஆயில் கறுத்துத் தார் மாதிரி ஆனாலும் மாற்றமாட்டார்கள். கேட்டால் "அது தாங்கும்" என்பார்கள். மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் அதுவும் சூடு சொரணை இல்லாமல் ஸ்டார்ட் ஆகிவிடும்.

என் தங்கையைப் பற்றி அவள் மாமியாரும் இதையேதான் சொல்வாள். "என் பையனுக்குக் கை கொஞ்சம் முந்தும். இவ தாங்கிக்குவா, நல்ல பொண்ணு." தாங்குகிறவளுக்கு வலிக்காது என்று இந்தக் கிழவிக்கு யார் சொன்னது?

கை கொஞ்சம் முந்துமாம். தப்பான ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள் என்று அதே ஸ்பேனரால் அவள் விரலை உடைத்தான். சாப்பாடு ஆறிவிட்டது என்று தட்டை முகத்தில் விசிறினான், புருவத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது. அவள் முழுகாமல் இருந்தபோது வயிற்றில் உதைத்தான். அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தை தங்கவே இல்லை. நான் தையல்காரி. அன்றைக்குத் துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நேராக அவன் வீட்டுக்குப் போனேன், குத்திவிடுவது என்றுதான். ரத்தப்போக்கோடு படுத்திருந்தவள் எழுந்து வந்து குறுக்கே நின்றாள்.

"நீ ஜெயிலுக்குப் போயிட்டா எனக்குன்னு யாரு இருக்கா அக்கா?"

"அப்ப என்கூட வந்துடுடி."

"வந்தா உன்னையும் வந்து அடிப்பார்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு ராத்திரி போன் அடித்தால் எடுக்கவே எனக்குப் பயம். ஒருநாள் இவளைப் பிணமாகத்தான் தூக்கி வரப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டே வாழ்ந்தேன்.

இத்தனைக்கும் அவளுக்கு ஷெட் வேலை பிடிக்கும். அதுதான் எனக்குப் புரியாது. கழற்றிப் போட்ட ஒவ்வொரு சாமானையும் டீசலில் கழுவி, துணியில் ஒற்றி எடுத்து, குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி துடைத்து வைப்பாள். மாட்டி முடித்த என்ஜின் முதல் தடவை சீராக ஓடும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். வேறு எங்கேயும் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. புது ஆயில் ஊற்றியவர் காலி டின்னை அந்த வண்டியின் கூரைமேல் வைக்க வேண்டும். டின் இருந்தால் ஊற்றியாகிவிட்டது, இல்லையென்றால் இனிமேல்தான் ஊற்ற வேண்டும். ஊற்றியாச்சா என்று வாயைத் திறந்து கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அந்தப் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

அன்றைக்கு வந்தது முட்டை வண்டி. பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றியவள் என் தங்கை. டின்னைக் கூரைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். இதற்குள் இடி டிரைவரைப் பிடித்துக்கொண்டான்.

"போன தடவையே மாத்தச் சொன்னேன்ல? என்ஜினைக் கொல்லப் பாக்கிறியா?"

"அது தாங்கும்ணே..."

அவர் வாயை மூடுவதற்குள், கூரைமேல் இருந்த டின்னைப் பிடுங்கி அவர் முகத்திலேயே அடித்தான். டின் விளிம்பு உதட்டைக் கிழித்தது. கீழே விழுந்தவரை விடாமல் உதைத்தான். ஒரு பல் எகிறித் தரையில் விழுந்தது. ஆத்திரம் தீர்ந்ததும் டின்னைத் தெருவில் வீசிவிட்டு வந்து வண்டியைப் பார்த்தான். கூரைமேல் டின் இல்லை. புது டின் ஒன்றை உடைத்து, அளவு பார்க்காமல் முழுசாக ஊற்றினான்.

டிரைவருக்குத் தண்ணீர் கொண்டுவந்த என் தங்கை அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, நான் ஏற்கெனவே..."

"வாயத் தொறந்த, உனக்கும் பல்லு இருக்காது."

அவள் வாயை மூடிக்கொண்டாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு, சுவரோரம் கிடந்த பலகைத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள் என்று டிரைவர் என்னிடம் சொன்னார்.

இடி வண்டியை ஸ்டார்ட் செய்து, கோபத்தையெல்லாம் ஆக்ஸிலரேட்டரில் காட்டி மிதித்தான். டீசல் என்ஜினில் ஆயில் அளவுக்கு மீறினால் அது காற்றோடு கலந்து உள்ளே போய் எரிய ஆரம்பித்துவிடும். பிறகு அதற்கு டீசல் வேண்டாம், நம் தயவும் வேண்டாம். தன் ஆயிலைத் தானே குடித்துக்கொண்டு வெறிபிடித்து ஓடும். காலை எடுத்தான், வேகம் ஏறியது. சாவியை அணைத்தான், இன்னும் ஏறியது. ஷெட் முழுக்க வெள்ளைப் புகை. ஓட்டுக் கூரை அதிர்ந்து தூசி கொட்டியது. காற்றை அடைத்தால்தான் அது நிற்கும், விட்டால் இரும்பைப் பிளந்துகொண்டு சிதறும்.

கந்தையால் காற்றுக் குழாயை அடைக்க இடி கையை உள்ளே விட்டான். சட்டைக் கையைச் சுழன்றுகொண்டிருந்த என்ஜின் பெல்ட் கவ்வியது. துணி, பிறகு விரல்கள், பிறகு கை. எலும்பு முறிகிற சத்தம் அந்த இரைச்சலிலும் கேட்டது என்கிறார் டிரைவர்.

"அடைடீ! அடைடீ!"

என் தங்கை பலகையோடு குழாய் வாய்க்கு அருகில் நின்றாள். ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு பலகையை வைத்து உடம்பால் அழுத்தினாள். என்ஜின் நாலு தடவை உலுக்கிக்கொண்டு அடங்கியது. இடி அலறிக்கொண்டே இருந்தான்.

முழங்கைக்குக் கீழே கையை எடுத்துவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது மாமியார் என் தங்கையின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். "எம்புள்ள உசுரக் காப்பாத்துன தெய்வம்டி நீ. இனி அவனுக்கு நீதான் கை." சுற்றி நின்ற டிரைவர்களும் தலையாட்டினார்கள், முட்டை வண்டிக்காரர் தவிர. அடி வாங்கியே வராதவள், புண்ணியவதி என்று பட்டம் கட்டிய பிறகா வரப்போகிறாள்?

அவளைத் தனியாக வராந்தாவுக்கு இழுத்து வந்தேன். புடவை முழுக்க ஆயிலும் ரத்தமும்.

"அக்கா, உன் வீட்டுல நான் படுக்க இடம் இருக்குமா?"

"என்னடி கேள்வி இது? வா."

உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டாள், மறுபடியும் கூப்பிட்டாள். இவள் திரும்பாமல் படியிறங்கினாள். கடைசிப் படியில் எனக்குப் பொறுக்கவில்லை.

"விட்டுத் தொலைச்சிருக்கலாம்லடி. எதுக்கு அடைச்ச?"

அவள் நின்று யோசித்தாள்.

"என்ஜின் அப்படிக் கதறுச்சுக்கா. அது என்ன தப்பு பண்ணுச்சு? அடைச்சு நின்னதுக்கப்புறம்தான், அவனும் அதுல மாட்டியிருக்கான்னு ஞாபகமே வந்துச்சு."