கொள்ளு டப்பாவின் சத்தம்

எங்கள் பக்கத்தில் மாடு வாங்கினாலும் குதிரை வாங்கினாலும் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன்னால் சுழியைத்தான் பார்ப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த குதிரைக் குட்டிக்கு இடது கண்ணுக்குக் கீழே, கண்ணீர் இறங்கும் வழியில், ஒரு சுழி இருந்தது. அந்த இடத்தில் சுழி உள்ள குதிரை நிற்கிற வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும் என்பது பேச்சு. அதனாலேயே அதை இரண்டு பேர் வாங்கி இரண்டு பேருமே கைமாற்றிவிட்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் என் வீட்டுக்காரர்.

எழுபதுகள் முடியப் போகிற சமயம். அவர் ஜட்கா வைத்திருந்தார். கருக்களாச்சேரியிலிருந்து மீன் கூடைகளையும் கூடைக்காரப் பெண்களையும் காரைக்கால் மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போவதுதான் பிழைப்பு. பழைய குதிரைக்குக் கால் போய்விட்டது. வண்டி ஏர்க்காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு வாசலில் கிடந்தது. சுழியில்லாத குதிரை வாங்க எங்களுக்கு வக்கில்லை. மனசே இல்லாமல்தான் அவர் அதைப் பிடித்துவந்தார். வந்ததும் என்னிடம் முதலில் காட்டியது அந்தச் சுழியைத்தான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் மூல நட்சத்திரக்காரி. மாமனாருக்கு ஆகாது என்று நான்கு வீட்டார் வந்து பஜ்ஜியைத் தின்றுவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு, என்னைத் தட்டிக்கழித்திருந்தார்கள். இவருடைய அப்பா ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்ததால்தான் என் கழுத்தில் தாலி ஏறியது.

"முடி சுத்திக்கிட்டு இருக்கு, அவ்வளவுதானங்க. அதுக்கு யாரு என்ன பண்ணுறது?" என்றேன்.

"ஒனக்கு எல்லாம் வெளையாட்டு" என்றார்.

குட்டியும் சாதாரணப்பட்டதல்ல. ஆள் கிட்டே போனால் பின்னங்காலைத் தூக்கும். சேணத்தைக் கண்டால் நாலு காலும் தரையில் நிற்காது. வந்த பத்தாம் நாள் அவர் தோளைக் கவ்வி, சட்டையோடு சதையையும் கிழித்துவிட்டது. மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர், இதைச் சந்தைக்கு ஓட்டிவிடப் போவதாகச் சொன்னார். யாரும் வண்டிக்கு வாங்க மாட்டார்கள்; அடிமாட்டோடு சேர்த்து ஏற்றிவிடுவார்கள். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"தீவாளி வரைக்கும் எங்கிட்ட வுடுங்க. அதுக்குள்ள அது வண்டியில நிக்கலன்னா நானே ஓட்டிவுடுறேன்" என்றேன். குதிரையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வீம்புதான்.

பால் பவுடர் டப்பா ஒன்றில் காய்ந்த கொள்ளைப் போட்டுக்கொண்டேன். கொட்டிலில் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, டப்பாவை இரண்டு குலுக்குக் குலுக்குவேன். பிறகு ஊறவைத்த கொள்ளை உள்ளங்கையில் வைத்துக் கையைப் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பேன். முகத்தைப் பார்க்க மாட்டேன். அதற்கும் என்னைப்போல யாராவது உற்றுப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும் என்று தோன்றியது. ஒரு வாரம் கை வலித்ததுதான் மிச்சம். எட்டாம் நாள் உள்ளங்கையில் சூடாக மூச்சுப் பட்டது. நான் அசையவில்லை. கொள்ளைத் தின்றுவிட்டு, என் முந்தானையையும் கொஞ்சம் சப்பிப் பார்த்தது.

அதற்குப் பிறகு டப்பாச் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் வரும். முதுகில் முதலில் சாக்கைப் போட்டேன், பிறகு சேணத்தை வைத்தேன். ஈர மணலில் தென்னங்கட்டையை இழுக்கப் பழக்கினேன். எங்கள் வீட்டுக்குத் தெற்கே ஒரு சின்ன ஆறு கடலில் விழும். வெயில் காலத்தில் அலை மணலைத் தள்ளி அதன் வாயை அடைத்துவிடும். அந்த மணல் திட்டு வழியாகத்தான் எல்லோரும் அக்கரைக்கு நடப்பார்கள். அக்கரையில் நல்ல புல். குட்டியை அங்கே மேயவிட்டுவிட்டு நான் இக்கரைக்கு வந்து துணி துவைப்பேன். வேலை முடிந்ததும் டப்பாவைக் குலுக்குவேன். திட்டு மேல் ஓடிவந்து ஈர மூக்கை என் கழுத்தில் வைக்கும். தினமும் இதுதான். பிள்ளையில்லாத வீட்டில் அப்படி ஒன்று நம்மைத் தேடி ஓடிவருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

தீபாவளிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கும்போது வண்டியில் பூட்டினோம். அவர் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் டப்பாவோடு முன்னால் நடந்தேன். குட்டி ஏர்க்காலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, உடம்பைச் சிலிர்த்தது, பிறகு என் பின்னாலேயே வந்தது. மூன்றாம் நாள் நான் இல்லாமலேயே மார்க்கெட் போய் வந்துவிட்டது. கொட்டிலில் அதன் கழுத்தை அவர் தேய்த்துக்கொண்டிருந்தார். "ஒன்னமாரியே புள்ள. கோவம் போச்சுன்னா கொழந்த" என்றார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. மூன்றாம் நாள் விடியலில் வீட்டுக்குப் பின்னாலேயே ஓர் இடி விழுந்தது. போய்ப் பார்த்தால் கயிறு அறுந்து கிடந்தது, குட்டியைக் காணோம். தேடிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனோம். மணல் திட்டு உடைந்து, ஆறு கலங்கலாகக் கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. திட்டு உடைவதற்கு முன்னாலேயே குட்டி கடந்துபோயிருக்க வேண்டும். அக்கரை மேட்டில் நனைந்துகொண்டு நின்றது. அடிகிடி எதுவும் பட்டதாகத் தெரியவில்லை.

பாலம் மேற்கே ஒரு மைல். "நான் பாலத்தச் சுத்திப் போயி புடிச்சாறேன். அது எந்தப் பக்கம் போவுதுன்னு நீ பாத்துக்கிட்டே நில்லு" என்று சொல்லிவிட்டு அவர் ஓடினார்.

நான் நின்றேன். இடுப்பில் டப்பா இருந்தது. கொஞ்ச நேரத்தில் குட்டி மேட்டை விட்டு இறங்கி, தெற்கே சவுக்குத் தோப்புப் பக்கம் நடக்கத் தொடங்கியது. தோப்புக்குள் போய்விட்டால் கண்ணுக்குத் தெரியாது. எவனாவது பிடித்துக்கொண்டு போய்விடுவான். திரும்பிப் பார்த்து அங்கேயே நின்றால் போதும் என்றுதான் நினைத்தேன். டப்பாவை எடுத்து இரண்டு குலுக்குக் குலுக்கினேன்.

காது இரண்டும் நிமிர்ந்தன. திரும்பியது. அது ஓடிவர ஆரம்பித்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வராத! அங்கயே நில்லு!" என்று கத்தினேன். நில் என்ற சொல்லை நான் அதற்குச் சொல்லித்தந்ததே இல்லை. நிறுத்துவது கடிவாளத்தின் வேலை என்று விட்டுவிட்டேன். நான் கத்தக் கத்த என் குரலைக் கேட்டு இன்னும் வேகமாக வந்தது. தினமும் வருகிற இடத்தில்தான் காலை வைத்தது. அங்கே மணல் இல்லை.

நீந்தியது. தலையை உயர்த்தி என்னையே பார்த்துக்கொண்டு நீந்தியது. பாதி ஆறு வரைக்கும் வந்துவிட்டது. பிறகு இழுப்பு அதைப் பக்கவாட்டில் புரட்டி அலைக்குள் கொண்டுபோனது. அவர் அக்கரைக்கு வந்து சேர்ந்தபோது கண்டது அலையில் ஒருமுறை மேலே வந்த அதன் முதுகை மட்டும்தான்.

மத்தியானம் வடக்கே கரை ஒதுங்கியது. கட்டுமரக்காரர்கள் இழுத்துப் போட்டிருந்தார்கள். அடுத்த வீட்டு மீன்கார அக்கா அதன் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "நான்தான் அப்பவே சொன்னேனே தங்கச்சி, கண்ணுக்குக் கீழ சுழி இருந்தா சும்மா வுடாதுன்னு. இல்லன்னா அந்தத் தண்ணியில அது ஏன் எறங்கணும்?" என்றாள்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சண்டைக்குப் போவேன் என்று எதிர்பார்த்தார். ஆறு மாதமாக அந்தச் சுழிக்காக ஊரோடு மல்லுக்கு நின்றவள் நான்தானே. டப்பா ஈர முந்தானைக்குள் என் இடுப்பை அழுத்திக்கொண்டிருந்தது.

"ஆமாங்க. சுழிதான்" என்றேன்.

அவர் மணலில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதார். அதற்குப் பிறகு அவர் குதிரை வாங்கவில்லை. யாராவது கேட்டால் சுழிக் கதையைச் சொல்வார், நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவேன். அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. உண்மையை அவரிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் என்னைத் திட்டியிருக்க மாட்டார். அதுவும் எனக்குத் தெரியும்.

மூலம் என்று என்னைத் தள்ளிவிட்டுப் போனவர்களை நான் இன்றுவரை மன்னித்ததில்லை. என் குட்டி செத்துக் கிடந்தபோது நானும் அதையேதான் சொன்னேன். அதன் முகத்தில் இருந்தது வெறும் முடி. நான் கூப்பிட்டேன், அது வந்தது.