புன்ஹாயின் நாலு எதிர்காலம்

புன்ஹாய்க்கு எதிர்காலம் தெரியும். ஊரில் எல்லோருக்கும் அது தெரியும், அவனே வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போவான். இருபத்தெட்டு வயதில், ஜப்பான்காரன் இனி விலாங்கை விட்டால் வேறு எதையும் தொடமாட்டான் என்று சொல்லி, குட்டை முழுக்க விலாங்கு விட்டான். அந்த வருஷமே விலை படுத்துவிட்டது. நாற்பதில் இறால் என்றான். இறாலுக்கு நோய் வந்தது. ஐம்பதில் முதுகு பிடித்துக்கொண்டு படுத்த படுக்கையாகக் கிடந்ததால் எதுவும் செய்யவில்லை. குடும்பம் நிம்மதியாகச் சாப்பிட்டது அந்த வருஷம்தான்.

இத்தனைக்கும் பிறகு தைனான் கடற்கரையில் மிஞ்சியது இரண்டு பால்கெண்டைக் குட்டைகள். மேற்குக் குட்டை அவன் அப்பன் வழிச் சொத்து. கிழக்குக் குட்டை அவன் மனைவி சோக்சினுக்கு அவள் அப்பா எழுதிவைத்தது. இரண்டிலும் வடக்கு ஓரமாக ஆள் மூழ்கும் ஆழத்துக்கு ஒரு பள்ளம் ஓடும். பால்கெண்டை குளிர் தாங்காது. வாடைக்காற்று அடித்தால் மீனெல்லாம் அந்தப் பள்ளத்தில் போய் ஒடுங்கிப் பிழைத்துக்கொள்ளும்.

ஐம்பத்தெட்டு வயதில் புன்ஹாய்க்குப் படிப்பு வந்தது. நீண்டகால முதலீட்டை எப்படி யோசித்துச் செய்வது என்று மீனவர் சங்கத்தில் மூன்று நாள் வகுப்பு நடத்தினார்கள். மத்தியானம் பன்றித்தொடைச் சோறு இலவசம். அதனால் கூடம் நிரம்பிவிட்டது.

தைப்பேயிலிருந்து வந்த லியாவ் டீச்சர் பலகையில் குறுக்கும் நெடுக்கும் இரண்டு கோடு போட்டார். ஒரு கோடு குளிருக்கு: மிதமா, கடுமையா? இன்னொன்று வியாபாரத்துக்கு: கடலுக்கு அந்தப் பக்கத்துக்காரன் மீன் வாங்குவானா, மாட்டானா? மொத்தம் நாலு கட்டம், நாலு எதிர்காலம்.

"இதுல எது வரும்னு கேக்காதீங்க. அது யாருக்கும் தெரியாது. எது வந்தாலும் நீங்க போட்ட முதல் தாங்குமான்னு மட்டும் கேளுங்க" என்றார் டீச்சர்.

இதைச் சொன்ன நேரத்தில் புன்ஹாய் இரண்டாவது சோற்றுப் பொட்டலத்துக்கு வரிசையில் நின்றான் என்று பக்கத்துக் குட்டைக்காரன் சுய்தேக் அடித்துச் சொல்கிறான். சுய்தேக் மூன்றாவதுக்கு நின்றவன். அவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

நாலு எதிர்காலத்தையும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி மோட்டார் கொட்டகையில் ஒட்டினான் புன்ஹாய். சோக்சின் இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"சுவத்துல நாலு எதிர்காலம் தொங்குது. குட்டைத் தண்ணிக்குக் காத்து ஏத்துற சக்கரம் ரெண்டு நாளா சுத்தல. அதப் பாரேன்யா."

"உனக்கு இதெல்லாம் புரியாது, போ."

அவனுக்குப் பிடித்தது ஒரே ஒரு தாள்தான். குளிர் மிதம், வெளிநாட்டுக்காரன் வாங்குவான். அது நடந்தால் இரண்டு பள்ளத்தையும் மூடிச் சிமெண்டு போட்டு, மீன் அறுத்து உறையவைக்கும் கொட்டகை கட்டலாம். இருபது வருஷம் உட்கார்ந்து சாப்பிடலாம்.

நாலு தாளையும் சுருட்டிக்கொண்டு வாங்யே சாமி கோயிலுக்குப் போனான். பிறை மாதிரி இருக்கும் இரண்டு சிவப்புக் கட்டைகளைத் தரையில் போட வேண்டும். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தால் சாமி சரி என்கிறது. இரண்டும் மல்லாந்தால் சிரிக்கிறது. இரண்டும் கவிழ்ந்தால் கிடையாது. பெரிய காரியத்துக்குத் தொடர்ந்து மூன்று முறை சரி விழ வேண்டும்.

முதலில் ஒரு கடும்குளிர்த் தாளை வைத்துப் போட்டான். சரி விழுந்தது.

"கை நழுவிருச்சு" என்று அந்தத் தாளை ஒதுக்கினான்.

அடுத்த இரண்டு தாளுக்கும் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்து ஒதுக்கினான். பிடித்த தாளுக்குப் போட்டான், போட்டான், போட்டுக்கொண்டே இருந்தான். சாமி ஏழு முறை சிரித்தது. ஊதுவத்தி விற்கிற கிழவர் பொறுக்கமாட்டாமல், "டேய், சாமிக்கு வேற வேலை இருக்குடா" என்றார். முப்பத்தோராவது வீச்சில்தான் தொடர்ந்து மூன்றாவது சரி விழுந்தது. மிச்ச மூன்று தாளையும் சாமிக்குக் காகிதக்காசு எரிக்கிற அடுப்பில் போட்டுக் கொளுத்திவிட்டு, ஒரே ஒரு எதிர்காலத்தோடு வீடு திரும்பினான்.

"சாமியே சொல்லிருச்சு. உன் கையெழுத்து முத்திரையக் குடு. கிழக்குக் குட்டை அடமானப் பத்திரத்துல குத்தணும்."

"எத்தன தடவை கேட்ட?"

"அது எதுக்கு உனக்கு?"

"கிழவர் சொல்லி அனுப்பிட்டாரு. என்னையக் கட்டிக்கக்கூட நீ இத்தன தடவை கேக்கல." அரிசிப் பானையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "உன் குட்டைய நீ என்னமும் பண்ணு. எங்கப்பன் வெட்டின பள்ளத்துல ஒரு கூடை மண்ணு விழுந்துச்சுன்னா, நீ உன் தம்பி வீட்டுல போய் சோறு தின்னுக்க."

மேற்குக் குட்டையை அடமானம் வைத்துப் பள்ளத்தை மூடினான். தகரக் கொட்டகை எழும்பியது. குஞ்சும் இரண்டு மடங்கு விட்டான். முதல் குளிர்காலம் மிதமாகப் போனது. புன்ஹாய் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். வெற்றிலைபாக்குக் கடையில் இரண்டு பேருக்கு முதலீட்டு ஆலோசனைகூட வழங்கினான்.

அடுத்த வருஷம் ஜனவரியில் வாடை இறங்கியது. நாலாம் நாள் காலையில் மேற்குக் குட்டை வெள்ளை வெளேரென்று கிடந்தது. அத்தனையும் வயிறு காட்டி மிதந்த மீன். போய் ஒடுங்க இடமில்லாமல், சிமெண்டுச் சுவரில் முட்டிக்கொண்டு குவியல் குவியலாகச் செத்திருந்தன. கிழக்குக் குட்டையிலும் சேதம்தான், ஆனால் முக்கால்வாசி பள்ளத்தில் உயிரோடு கிடந்தது.

சுய்தேக் கரையில் நின்று எட்டிப் பார்த்தான். "புன்ஹாய் அண்ணே, இது நாலுல எந்தத் தாளு?"

புன்ஹாய் செத்த மீனை வலையால் அள்ளிக்கொண்டே இருந்தான்.

ஒரு வாரம் கழித்துச் சோக்சினிடம் வந்து நின்றான். மேற்குக் குட்டை கைவிட்டுப் போகாமல் இருக்கக் கிழக்கை அடமானம் வைக்கலாம், கொட்டகை ஓட ஆரம்பித்தால் மூன்றே வருஷத்தில் மீட்டுவிடலாம் என்றான்.

"மறுபடி குளிர் வந்தா?"

"வராது."

"வாங்குறவன் வாங்கலன்னா?"

"வாங்குவான்."

"எங்கிட்ட முத்திரையும் கிடைக்காது, குட்டையும் கிடைக்காது. கொட்டகைத் தகரத்த வித்து இந்த வருஷ வட்டியக் கட்டு. சிமெண்ட உடைச்சுப் பள்ளத்தத் தோண்டு. குஞ்சுக்கு மட்டும் நான் தர்றேன், பாதிக் குட்டைக்கு."

"இருபது வருஷத்துக்குக் கட்டினதுடி அது!"

"ரெண்டு வருஷம் நின்னுச்சுல்ல. உன் கணக்குக்கு அதுவே ஜாஸ்தி."

மார்ச்சில் மண் அள்ளும் வண்டி வந்தது. புன்ஹாய் ஓட்டுநருக்கு ஒரு சிகரெட் கொடுத்து, பக்கத்தில் குந்தி, குரலைத் தாழ்த்தினான்.

"நமக்குள்ள இருக்கட்டும் தம்பி. இன்னும் பத்து வருஷத்துக்குக் குளிரே வராது. பொம்பள மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு தோண்டுறேன்."

"சரிண்ணே. எவ்வளவு ஆழம்?"

புன்ஹாய் வாயைத் திறப்பதற்குள், எதிர்க்கரையில் நின்ற சோக்சின் கையைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினாள். ஓட்டுநர் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.