ருக்கியா சாச்சியும் ஒரு மீஸான் கல்லும்

ருக்கியா சாச்சிக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். அந்த எதிரியும் மௌத்தாகி, மண்ணுக்குள் போய் நாலு வருடமாகியிருந்தது.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் புடவைக்கடை வைத்திருந்த என் தகப்பனின் தம்பி தாஸிம் சாச்சா, முதல் மனைவி பஸீஹா இறந்த மறுவருடம் அக்குறணையிலிருந்து ருக்கியாவைக் கட்டிக்கொண்டு வந்தார். வந்த முதல் வெள்ளிக்கிழமையே சாச்சியின் நிம்மதி போயிற்று. ஜும்மா முடிந்ததும் சாச்சா மையவாடிக்குப் போய், பஸீஹாவை அடக்கியிருந்த கபுறடியில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தார். அடுத்த வெள்ளியும் அப்படித்தான். எங்கள் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. ஆகவே கபுறின் தலைமாட்டில் நட்டிருந்த மீஸான் கல்லைச் சாச்சி கண்டதே இல்லை. காணாததால் அது அவர் மனதில் வளர்ந்துகொண்டே போனது. ஆளுயரமாம், பளிங்காம், பூ வேலைப்பாடாம். ஒருவரும் சொல்லவில்லை, அவராகவே கட்டிக்கொண்டார்.

"ஒரு நாளாவது எனக்கிட்ட ஒரு மணித்தியாலம் குந்தி ஈந்தாரா ஒங்கட சாச்சா? கல்லோட அப்பிடி என்ன பேச்சு?" என்று என்னைப் பிடித்துக்கொள்வார்.

நான் அப்போது கண்டியில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் லத்தீன் படிப்பித்துக்கொண்டிருந்தேன். படித்ததை எங்கேயாவது கொட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. 1931இல் ஒரு நாள் பகல் சாப்பாட்டின்போது, யுத்தத்தில் செத்த சிப்பாய்களுக்கு வெள்ளைக்காரன் கல் எழுப்புவதைப் பற்றிப் பேச்சு வந்தது.

"அதுக்கு மொனியுமென்ட் என்டு சொல்ற. லத்தீன்ல ஈந்து வந்த சொல்லு. ஞாபகப்படுத்துற சாமான் என்டு கருத்து. ஞாபகப்படுத்துறதுக்கும் எச்சரிக்கிறதுக்கும் அங்க ஒரே சொல்லுத்தான்" என்றேன்.

சாச்சியின் கையில் கறிக்கரண்டி அப்படியே நின்றது. "அப்ப, கல் இல்லாட்டி?"

"மறந்து போகும்" என்றேன், பெரிய மேதாவி மாதிரி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஆண்கள் பகல் லுஹர் தொழுகையில் இருந்த நேரம், சாச்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மையவாடிக்குப் போனார். பலா மரத்தைத் தாண்டி எத்தனையாவது கபுறு என்று விசாரித்து வைத்திருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை. பார்த்தால், கல் முழங்கால் உயரம்கூட இல்லை. எழுத்தும் இல்லை, பூவும் இல்லை. இந்தத் துண்டுக் கல்லுக்கா மூன்று வருடம் தூக்கம் கெட்டோம் என்று ஆத்திரம் இரட்டிப்பாகிவிட்டது. ஆட்டிப் பிடுங்கி, முந்தானைக்குள் சுற்றிக் கொண்டுபோய், பாலத்துக்குக் கீழே ஓடும் மகாவலி கங்கையில் போட்டார்.

அந்தக் கிழமை முழுக்க நல்ல மழை. வெள்ளிக்கிழமை போன சாச்சா, மழை கல்லை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று நினைத்தார். கல்லை வைத்தே அடையாளம் கண்டு பழகியவருக்கு, புல் மண்டிய கபுறுகளில் தன்னுடையவள் கபுறு எது என்று தெரியவில்லை. எல்லோருக்கும் பொதுவாக ஸலாம் சொல்லிவிட்டுச் சீக்கிரமே வீடு திரும்பினார். சாச்சி இனிப்பாக வட்டிலப்பம் அவித்து வைத்துக் காத்திருந்தார். சாச்சா ஒரு வாய் சாப்பிட்டார்.

"பஸீஹா இதுக்கு ஏலக்காய் கொஞ்சம் கூடப் போடுவா" என்றார்.

மூன்று வருடத்தில் அந்த வீட்டுக்குள் அவர் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. அதன்பிறகு நிறுத்தவுமில்லை. அலுமாரியைத் திறந்தால் பஸீஹா, கதிரையில் சாய்ந்தால் பஸீஹா, மழை இருட்டினால் பஸீஹாவுக்கு இடி என்றால் பயம். வெள்ளிக்கு ஒரு மணி நேரம் மையவாடியில் இருந்தவள், ஏழு நாளும் வீட்டில் வந்து இருந்துகொண்டாள். சாச்சி பொறாமையில் பாதியாக இளைத்துப்போனார்.

ஒரு பகல், சாச்சி சோற்றுக்கோப்பையை நீட்டியபோது சாச்சா அவரையே "பஸீஹா" என்று கூப்பிட்டுவிட்டார். நானும் அங்கேதான் இருந்தேன்.

சாச்சி கோப்பையைக் கீழே வைத்தார். "நான்தான் அந்தக் கல்லப் புடுங்கின. கங்கைல போட்ட."

சாச்சா கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அடிப்பாரோ, அக்குறணைக்கு அனுப்புவாரோ என்று நான் பயந்தேன். அவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"எடம் தெரியுமா?"

அன்று பின்நேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு புதுக்கல்லோடும் மண்வெட்டியோடும் மூவரும் போனோம். பெண்பிள்ளை மையவாடிக்குப் போவதைத் தெருவே பார்த்தது. சாச்சி யாரையும் பார்க்காமல் முன்னால் நடந்து, பலா மரத்தைத் தாண்டி, ஒரு கபுறின் தலைமாட்டில் நின்று, "இதுதான்" என்றார்.

சாச்சா குழி வெட்டினார். நான் கல்லை இறக்கினேன். சாச்சிக்குப் போதவில்லை.

"இன்னும் ஆழமா நடுங்க" என்றார். "இனி நானே வந்தாலும் புடுங்க ஏலாத மாதிரி."