கன்னத்தில் எடுத்த சதை

சதைத்துண்டுகள் இருந்த ஐஸ் பெட்டியை டொக்டரின் ஜீப்பில் பின்சீட்டில் வைத்துவிட்டு அப்புத்தளை ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து டொக்டர் ஒருமுறை கூப்பிட்டார். நான் திரும்பவில்லை.

புற்றுநோய் செல்லையும் அதைச் சுற்றியிருக்கும் சதையையும் இருபது வருடமாக ஆராய்கிறவர் அவர். கெட்ட செல் தானாக வளராது, பக்கத்திலிருப்பது இடம் கொடுத்தால்தான் வளரும் என்று, எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கும் விளங்கும்படி சொன்னார். தோட்டங்களில் வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப்புண்ணிலிருந்து கடுகளவு சதை எடுப்பார். ஆள் சேர்ப்பது என் வேலை. விடிந்ததும் பெரட்டுக்களத்துக்குப் போய்விடுவேன். வேலைக்குப் பேர் பதிகிற அந்த இடத்தில் கையெழுத்துக் கேட்டால், எதற்கென்று ஒருவரும் கேட்பதில்லை. அது தெரிந்துதான் அங்கே போனேன். படிவத்தை யாருக்கும் வாசித்துக் காட்டவுமில்லை.

அன்று காலை, முதல் மாதம் சதை கொடுத்த அக்காவைப் பார்த்தேன். கன்னம் வீங்கியிருந்தது. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

“எதுக்குத் தம்பி? அதான் நீங்க வந்து வெட்டி எடுத்துட்டீங்களே.”

டொக்டரிடம் ஓடினேன். அக்காவின் சதைக்குப் போட்டிருந்த எண்ணைச் சொன்னேன். பரிசோதனை முடிவு வந்து மூன்று வாரமாம். நல்லதில்லையாம்.

“அவங்களுக்குச் சொன்னீங்களா?”

“ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி படிவத்திலேயே இருக்கே, தம்பி.”

எண்ணுக்கு நேரே பேர் எழுதிய கொப்பி என்னிடம்தான் இருந்தது. மூன்று வாரமும் அதை யாரும் கேட்கவில்லை. செல்லைச் சுற்றி என்ன இருக்கிறதென்று இருபது வருடம் பார்த்தவர், அந்த அக்காவைச் சுற்றி என்ன இருக்கிறதென்று ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குள் அவர் காலே வைத்ததில்லை. அந்த ஆத்திரத்தில்தான் பெட்டியை வைத்துவிட்டு நடந்தேன்.

மத்தியானம் லயத்துக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் வாசிக்காத படிவத்தையும் சேர்த்து. அவர் அழவில்லை. தேயிலை மலையில் புல் வெட்டும் வேலையை மொத்தக் கூலிக்குக் கொந்தரப்பு எடுத்திருந்தார். இந்த வாரம் மலையை முடிக்காவிட்டால் கங்காணி அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். அதனால் அடுத்த வாரம் போகிறேன் என்றார்.

“நாளைக்கே போங்க. புல்லை நான் வெட்டுறேன்.”

என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “பெட்டி தூக்குன கை. தேயிலையையும் சேத்து வெட்டிப்புடாதீங்க.”

மறுநாள் காலை அவர் பதுளை பஸ்ஸில் ஏறினார். நான் அவருடைய புல் வெட்டும் சுரண்டியை எடுத்துக்கொண்டு மலையேறி, தேயிலையின் முதல் நிரையில் குனிந்தேன்.