கருப்பண்ணன் சொன்ன நாடு

கருப்பண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே பேனா முனை காகிதத்தைக் கிழிக்கிறது. முதுமையால் அல்ல, எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. கோபத்தால். நடந்து ஆறு வருஷம் ஆகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

அவன் கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுக்காரன். கீழே சமவெளியில் இருக்கிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மலையில் நாடு என்றால் பத்துப் பதினைந்து ஊர் சேர்ந்த ஒரு வட்டாரம். மேட்டைத் தாண்டினால் வேறு நாடு. "எந்த நாடுங்க?" என்று அங்கே ஒருவரைக் கேட்டால் இந்தியா என்று பதில் வராது. இது தெரியாமல் மலைக்காரனைப் பார்த்துச் சிரித்தவர்கள் படித்தவர்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

அந்தக் காலத்தில் காளப்பநாயக்கன்பட்டியில் வாலிபர் சங்கம் என்று ஒன்று நடந்தது. சுற்றிலும் பன்னிரண்டு கிளைகள். தலைவர் வக்கீல் அர்த்தனாரி. குமாஸ்தா மருதாசலம், அதாவது நான். கிராமத்து வாலிபர்களுக்கு எழுதப் படிக்க, முதலுதவி செய்ய, கூட்டம் நடத்த, நாலு பேர் முன்னால் எழுந்து பேசப் பழக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான், யார் இல்லை என்றார்கள்? மாதம் ஒருமுறை நான் மலையேறி, வாழவந்தி நாட்டுக் கிளையைப் பார்த்துவிட்டு வருவேன். பதினைந்து பேர். எல்லாருக்கும் என் வயதுதான்.

முதல் கூட்டத்தில் பேர் சொல்லச் சொன்னபோது கருப்பண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு முனகினான். என் காதில் விழவே இல்லை. பத்தொன்பது வயதில் 'அ' எழுதத் தொடங்கியவன். ஒன்றரை வருஷம் போனதும் பாருங்கள், கூட்டத்தை அவன்தான் நடத்தினான். ஒருநாள் அவனுடைய சொந்தத் தாய்மாமன் நடுவில் புகுந்து சத்தம் போட்டார். "மாமா, உங்க மொறை வருமுங்க. அதுவரைக்கும் உக்காருங்க" என்றான். மாமன் உட்கார்ந்தார்! அவரை அவர் பெண்டாட்டிகூட உட்கார வைத்ததில்லை என்று கூட்டமே சிரித்தது.

முப்பத்தேழாம் வருஷக் கடைசியில் சங்கத்திலிருந்து கிளைகளுக்கெல்லாம் ஒரு கார்டு போயிற்று. பேச்சுப் போட்டி. தலைப்பு, 'நாட்டின் முதல் தேவை'. முதல் பரிசு, எட்டு வாரம் மாட்டுக்கு ஊசி போடும் பயிற்சி. பயிற்சி முடித்தவனுக்கு மருந்துப் பெட்டி தருவார்கள். அவன் எழுதிக் கேட்டால் மருந்தும் வரும்.

மாட்டுக்கு ஊசி போடப் பேச்சு எதற்கு? இதை நான் வாய்விட்டே கேட்டேன். "பேசத் தெரிந்தவன் கையில் கொடுத்தால்தானப்பா சங்கத்துக்குப் பேர்" என்றார் வக்கீல். மாடு பேச்சையா கேட்கப் போகிறது?

கருப்பண்ணனுக்கு அந்தப் பயிற்சி வேண்டும். வேறெதையும் அவன் அப்படி விரும்பி நான் பார்த்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெக்கை என்ற மாட்டுக் கொள்ளைநோய் வந்து அவன் வீட்டு ஏர்மாடு இரண்டும் ஒரே வாரத்தில் செத்து விழுந்தன. அது மறுபடி வரும் என்று மலையில் எல்லாருக்கும் தெரியும். வருவதற்கு முன்னால் ஊசி போட்டால் மாடு பிழைக்கும். போட மலையில் ஓர் ஆள் இல்லை.

அவன் போட்டிக்குத் தயாரான விதத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். பதினைந்து பேரையும் பிரித்து அனுப்பி, பதினான்கு ஊரிலும் வீடு வீடாகப் போய், "நம்ம நாட்டுக்கு மொதல்ல என்ன வேணுமுங்க?" என்று கேட்டான். இருபது நாள். பாதை என்றார்கள், மருத்துவச்சி என்றார்கள், உப்பு என்றார்கள். கண்ணாயி என்று அவனுக்கு அத்தை முறையில் ஒரு கைம்பெண் இருந்தாள். "எனக்கு இருக்கறது ரெண்டு மாடு சாமி. அதுக சாகாம இருந்தாப் போதும்" என்றாள். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் அதே பதில். அப்போதே மாடுகளையும் எண்ணிக்கொண்டு வந்தார்கள்.

நாடு என்பதை அவன் எப்படிப் புரிந்துகொண்டான் என்று எனக்கு அன்றே தெரியும். நான் திருத்தவில்லை. இதில் திருத்த என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மடையன் நான். கீழே அதைக் கேட்க உட்காரப் போகிறவர்கள் யார் என்பதை யோசித்திருக்க வேண்டும்.

தை மாதம் காளப்பநாயக்கன்பட்டியில் போட்டி. வக்கீல்தான் நடுவர், நேரமணியும் மதிப்பெண் தாளும் என்னிடம். முள்ளுக்குறிச்சிப் பண்ணைவீட்டுப் பிள்ளை மாணிக்கம் முதலில் பேசினான். முக்கடல், இமயம், எழுமின் வாலிபர்களே, நாட்டின் முதல் தேவை ஒற்றுமை! அவனுடைய மாமா எழுதிக் கொடுத்தது. நடுவே மறந்துபோய் இரண்டு தரம் கூரையைப் பார்த்தான். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அடுத்து கருப்பண்ணன். துவைத்த வேட்டி, கையில் துண்டுக் காகிதம்கூட இல்லை. "நம்ம நாட்டுல பதினாலு ஊருங்க. நானூத்திப் பன்னெண்டு மாடு..." என்று ஆரம்பித்தான். முன்வரிசையில் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். அது பரவிற்று. இவன் நிறுத்தவில்லை. எந்த ஊரில் எத்தனை மாடு, போன தடவை எத்தனை செத்தது, எந்த மாதம் நோய் வரும், எந்த மாதத்துக்குள் ஊசி போட வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனான். சங்கம் எதைப் பழக்க நினைத்ததோ அது அத்தனையும் அந்தப் பேச்சில் இருந்தது.

"மணியை அடி" என்றார் வக்கீல். இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் அடித்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம், அடித்தேன்.

"ஏம்ப்பா, நாடு என்றால் என்னவென்று உங்கள் மலையில் யாருக்கும் தெரியாதா?" என்று கேட்டார் வக்கீல்.

"நாடுன்னா வாழவந்தி நாடுங்க" என்றான் கருப்பண்ணன்.

கூரை அதிரச் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்திலும் சிரிப்பு. அவன், சிரிப்பு அடங்கும் வரை பொறுத்திருந்துவிட்டு, "ஏனுங்க, நீங்க சொல்ற நாட்டுக்குள்ள எங்க நாடு இல்லீங்களா?" என்று கேட்டான். கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். வக்கீல் என் பக்கம் திரும்பினார். 'தலைப்பை விட்டு விலகிய பேச்சு' என்று சொல்லி, மதிப்பெண்ணுக்குச் சுழி போடச் சொன்னார். அந்தச் சுழியைப் போட்டதும் என் கைதான்.

பரிசு பெற்ற மாணிக்கம் பயிற்சிக்குப் போனான். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மூன்றாம் வாரமே திரும்பிவிட்டான். பெட்டியை மட்டும் எப்படியோ வாங்கிக்கொண்டு வந்தான். அது பரண்மேல் ஏறிற்று.

சித்திரையில் வெக்கை வந்தது. முதல் மாடு விழுந்த அன்றே கருப்பண்ணன் இறங்கி ஓடிவந்து, நோய் எட்டாத ஊர்களுக்காவது ஊசி போட வரச் சொல்லி மாணிக்கம் வீட்டு வாசலில் நின்றான். "உங்க மலைக்கு நான் நடந்து வரோணுமா? நல்லாயிருக்குதே!" என்றான் அந்தப் பிரபு. சரி, பரிசையாவது இவனுக்கு மாற்றிக் கொடுங்கள், மருந்துக்கு எழுதட்டும் என்று நான் வக்கீலிடம் கெஞ்சினேன். "போட்டியின் முடிவை மாற்றுவதா? ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா?" என்றார். என்ன ஒழுங்கு! வைகாசி முடிவதற்குள் நூற்று அறுபத்து மூன்று மாடு செத்தது. கண்ணாயியின் மாடு இரண்டும் அதில் போயின.

ஆனியில் மழை விழுந்தது. சாமை விதைக்க வேண்டும், உழ மாடு இல்லை. மலைக் கிளை கூட்டம் போட்டது. மாடு செத்த வீடுகளுக்குத் தாங்களே நுகத்தடியில் தோள் கொடுத்து உழுவது என்று பதினைந்து பேரும் கைதூக்கி முடிவு செய்தார்கள். முதலில் கண்ணாயியின் புன்செய்க் காடு. அவள் நுகத்தடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதாள். "அய்யோ, நீங்க மாடுகளா சாமி?"

"கூட்டத்துல முடிவு பண்ணியாச்சு அத்தை. உடுங்க" என்றான் கருப்பண்ணன். அவன்தான் முதலில் குனிந்தான். அன்றைக்கு அவன் தோளில் தோல் உரிந்ததை நான் பார்த்தேன்.

அதே வாரம், ஆண்டு மலருக்குப் படம் வேண்டும் என்று வக்கீல் டோலியில் மலையேறினார். தூக்கியவர்கள் நாலு பேர். கூட ஒரு போட்டோக்காரர். மேட்டில் நின்றபடியே, கீழே காட்டில் ஏர் இழுத்துக்கொண்டிருந்தவர்களைப் படம் பிடிக்கச் சொன்னார். இறங்கிப் போய் என்ன ஏது என்று கேட்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட்டார்.

புரட்டாசியில் மலர் அச்சாகி வந்தது. பிரித்துப் பார்த்தேன். ஏரில் பூட்டிக்கொண்டு நிற்கிறவர்களின் படம். அதன் கீழே வக்கீல் எழுதிக் கொடுத்த வரி, 'தேகப் பயிற்சியில் ஈடுபட்டிருக்கும் மலைக் கிளை வாலிபர்கள்'.

மறைக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாளே எடுத்துக்கொண்டு மேலே போனேன். கருப்பண்ணன் விரலை ஓட்டி எழுத்தெழுத்தாகப் படித்தான். திரும்பவும் முதலிலிருந்து படித்தான். அப்புறம் என் பையிலிருந்து பென்சிலை எடுத்தான். அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் உருண்டையாக எழுதினான்: 'மாடு செத்துப் போச்சு. அதனால் ஆள் உழுகிறது.'

"வாங்க, போலாமுங்க" என்றான். மலரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினான்.

வக்கீல் ஆபீசில்தான் இருந்தார். கருப்பண்ணன் மலரை அவர் முன்னால் விரித்து வைத்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முகம் மாறப்போகிறது, இப்போதாவது வெட்கப்படப் போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"பரவாயில்லையே!" என்றார் என்னைப் பார்த்து. "பிழையில்லாமல் எழுதியிருக்கிறானே! நம் சங்கத்தின் வேலை வீண் போகவில்லை, மருதாசலம்."

கருப்பண்ணன்தான் பேசினான்.

"இல்லீங்க, பிழை இருக்குதுங்க. செத்துப் போச்சுன்னு எழுதினது தப்புங்க. நீங்க சாக உட்டீங்கன்னு எழுதியிருக்கோணும்."

"இவனை வெளியே அனுப்பு" என்றார் வக்கீல்.

நான் என் நாற்காலியை இழுத்து அவனுக்குப் போட்டேன். உட்கார்ந்து, 'செத்துப் போச்சு' என்பதை அடித்துவிட்டு, திருத்தி எழுதினான்.