சப்பை மூக்கும் சாம்பிராணியும்

நாய்க்குச் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, ஈரம் காயச் சாம்பிராணிப் புகையும் போட்டவன் நான். பட்டதாரி வேறு.

மகள் கல்யாணமாகி அபுதாபி போகும்போது எங்களிடம் விட்டுப்போன பக் நாய் அது. அதன் பூர்வீகத்தை ஒரு புத்தகத்தில் தேடிப் படித்திருந்தேன். சீன அரண்மனையில் மடிமேல் வளர்ந்து, டச்சுக்காரர்களோடு கப்பலேறி ஐரோப்பா போன இனம். டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்திலும் இருந்தார்களே, ஆகவே இவன் நமக்குத் தூரத்து உறவு என்று திருவையாற்றில் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வேன். அவன் விடுவதை ராஜகுறட்டை என்பேன். அழகுக்காகத் தலைமுறை தலைமுறையாய் முகத்தைச் சப்பையாக்கியதில் இந்த இனத்துக்கு மூச்சு வழியே குறுகிப்போனது, வெயிலும் புகையும் ஆகாது என்பது அதே புத்தகத்தின் அடுத்த அத்தியாயம். நான் பரம்பரையோடு புத்தகத்தை மூடிவிட்டேன்.

புகை பட்டதும் இழுப்பு வந்தது. நாக்கு நீலம் பாரித்தது. வாடகைக் காரில் தஞ்சாவூர் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். கண்டியூர் தாண்டுவதற்குள் சாலை மறியல். நாற்றங்கால் காய்ந்த விவசாயிகள், ஆற்றில் தண்ணீர் விடக் கேட்டு, காலிக் குடங்களோடு நடுரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கார் அடுப்பாய்க் கொதித்தது.

"மூச்சு விட்டு விட்டு வருதுங்க," என்றாள் மனைவி. "பொண்ணு போன் பண்ணுனா என்னன்னு சொல்றது?"

நாயைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். மனைவியும் பின்னாலேயே வந்தாள். முன்வரிசையில் கட்சிக்கரைத் துண்டு போட்ட ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார் இது, நாயா? மூஞ்சிய எந்த லாரில இடிச்சுது?"

கூட்டம் சிரித்தது. "இது சீன அரண்மனையில..." என்று ஆரம்பித்தேன். அந்த நேரத்திலும்.

"அரண்மனையா இப்ப முக்கியம்?" என்று சீறினாள் மனைவி. "அண்ணே, இது செத்துரும் போலருக்குண்ணே!"

சிரிப்பு நின்றது. "குடிக்க வச்சிருக்க குடத்த இங்க தள்ளுங்கப்பா," என்றார் அவர். அத்தனை குடத்தில் தண்ணீர் இருந்தது அது ஒன்றில்தான். துண்டை நனைத்து நாயின் வயிற்றைச் சுற்றினார். மிச்சத்தைக் காதிலும் காலிலும் ஊற்றினார். "காருக்கு வழி விடுங்க!" என்று கத்தினார். போலீஸ் கெஞ்சியும் அசையாத கூட்டம் விலகியது.

மருத்துவர் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்தார். சாயங்காலம்தான் நாக்கு சிவந்தது.

கொஞ்ச நாள் கழித்து, துவைத்த துண்டோடு அவரைத் தேடிப் போனேன். கருகிய நாற்றங்காலில் மாட்டை மேயவிட்டிருந்தார்.

"நாய் பொழச்சுதா?"

"உங்க புண்ணியம். நல்லாருக்குங்க."

"நல்லாருக்கட்டும் சார். அந்த மறியல்ல தண்ணி கெடச்சது அது ஒண்ணுக்குத்தான்."